நாலு வயதில் ஒரு கண் பரிசோதனை

ஒரு கண் மங்கலாகத் தெரியும் குழந்தை அதை வந்து சொல்லாது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியிருப்பதால், எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று இருந்துவிடும். இன்னொரு கண் நன்றாக இருந்தால் ஓடும், பந்து பிடிக்கும், தரையில் ஊரும் எறும்பைக்கூடக் காட்டும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வர வழியே இல்லை. எங்கள் மகள் யாழினிக்கு இடது கண்ணில் பெரிய குறை இருந்தது தெரியவந்தது, அவள் எந்தத் தொந்தரவும் சொல்லாத ஒரு நாளில்தான். உங்கள் வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருந்தால், அதன் இரண்டு கண்களையும் தனித்தனியாக யாராவது சோதித்திருக்கிறார்களா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். இல்லை என்றால் இந்த மாதமே அதைச் செய்துவிடுங்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில். தாத்தா காலத்தில் ஆம்பூர் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்த குடும்பம். எனக்கு பீண்யா தொழிற்பேட்டையில், கம்ப்யூட்டர் மெஷினில் உலோகம் கடையும் ஒரு சிஎன்சி பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறாள். அம்மா எங்களோடுதான். யாழினிக்குக் கீழே ஒரு பையன், இன்னும் மழலை. என் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். காலை ஆறிலிருந்து இரண்டு, அடுத்த வாரம் இரண்டிலிருந்து இரவு பத்து. குழந்தைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வேலையை இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் வைத்துக்கொள்வேன். காலை நேரம் கையில் இருக்கும், சம்பளமும் போகாது.

கர்நாடகத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் ‘தாயி கார்டு’ தருவார்கள். குழந்தை பிறந்த பிறகு தடுப்பூசித் தேதி, எடை எல்லாம் அதில்தான் ஏறும். இரண்டு குழந்தைகளின் கார்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். யாழினியின் கார்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி, ஒன்றரை வயது பூஸ்டர், எதுவும் விட்டுப்போகவில்லை. எடையும் கணக்குப்படியே ஏறியிருந்தது. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு, அதன் பிறகு வருடத்துக்குச் சுமார் இரண்டு கிலோ என்று நர்ஸம்மா சொல்லிக் கொடுத்த கணக்கு அது. இவ்வளவு ஒழுங்காக இருந்த கார்டில் பார்வை எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

வைட்டமின் ஏ மருந்து கொடுக்கப் போன நாளில்தான் விஷயம் தொடங்கியது. ஒன்பதாவது மாதத்தில் முதல் தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று ஐந்து வயது வரை கொடுப்பார்கள். கண்ணுக்குத்தான் மருந்து கொடுத்துவிட்டார்களே, இனி கண் பற்றிக் கவலை இல்லை என்று பல பெற்றோர் இருப்பதைப் பார்க்கிறேன். அந்த மருந்து மாலைக்கண், கருவிழி உலர்ந்து கெட்டுப்போவது போன்றவற்றைத் தடுக்கும். கண்ணில் பவர் இருக்கிறதா, இரண்டு கண்ணும் சமமாக வேலை செய்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அன்று பணியில் இருந்த டாக்டரம்மா, “ஸ்கூல்ல போடறீங்களா? கண்ணு பார்த்தாச்சா?” என்று கேட்டார். இல்லை என்றதும் யாழினியை என் மடியில் உட்காரவைத்து, சுவரில் இருந்த போலியோ போஸ்டரைக் காட்டிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் வலது கண்ணை மூடினார். உடனே முகத்தைத் திருப்பி, அவர் கையைத் தள்ளிவிட்டு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிணுங்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டாவது தடவையும் அதேதான். டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, “இந்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார்.

இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். குழந்தை நல்ல மனநிலையில், தூக்கமும் பசியும் இல்லாமல் இருக்கும்போது, பிடித்த எதையாவது சற்றுத் தூரத்தில் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் எரிச்சல்பட்டால், மூடாத கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். விரல் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள், அதனால் உள்ளங்கையால் மூட வேண்டும், கண்ணை அழுத்தாமல். ஆனால் குழந்தை சிணுங்கவில்லை என்பதை வைத்து எல்லாம் சரி என்று முடிவுகட்ட வேண்டாம். சோதனை சோதனைதான், அதற்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

எழுத்துத் தெரியாத குழந்தைக்கு எப்படிக் கண் பார்ப்பார்கள் என்று எனக்கும் யோசனையாக இருந்தது. வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் என்று நாலு படங்கள் மட்டும் உள்ள அட்டை வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு சின்ன அட்டை கொடுத்து, தூரத்தில் காட்டுவதை இதில் தொட்டுக் காட்டு என்பார்கள். போவதற்கு முதல் நாளே மனைவி அந்த நாலு படத்தையும் தாளில் வரைந்து யாழினியோடு விளையாடிப் பழக்கிவிட்டாள். அது நல்ல உதவியாக இருந்தது. பயமில்லாமல் போய் உட்கார்ந்தாள். வலது கண்ணில் 6/9 வரை சொன்னாள். அந்த வயதுக்கு அது சரியான பார்வை. இடது கண்ணில் 6/36-க்கு மேல் நகரவில்லை. நல்ல பார்வை உள்ளவர் 36 மீட்டரிலிருந்து பார்த்துச் சொல்வதை அவள் 6 மீட்டருக்கு வந்தால்தான் சொல்வாள் என்று பொருள்.

அன்றே பவர் எழுதித் தரவில்லை. ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, மூன்று நாள் வீட்டில் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அட்ரோபின். ஏன் என்று கேட்டேன். குழந்தைகளின் கண்ணுக்குள் இருக்கும் தசைக்கு நல்ல வலு உண்டு, அது இழுத்துப் பிடித்துப் பிளஸ் பவரை, அதாவது தூரப்பார்வைக் குறையை, மறைத்துவிடும், தசையைத் தளர்த்தினால்தான் உண்மையான பவர் தெரியும் என்றார்கள். இதைக் கேட்ட பிறகு ஒன்று புரிந்தது. கண்ணாடிக் கடையில் மருந்து போடாமல் கம்ப்யூட்டரில் பார்த்துத் தரும் பவரைச் சின்னக் குழந்தைக்கு நம்பிப் போட்டுவிடக் கூடாது.

இந்தக் களிம்பு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரு அரிசி அளவு போதும், கீழ் இமையை இழுத்து உள்ளே வைக்க வேண்டும். வைத்தபின் மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்கு வழியாக உடம்பில் இறங்குவது குறையும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டியூபைத் தம்பி, தங்கைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், வாயில் போனால் ஆபத்து. முகம் சிவந்து காய்ச்சல் அடித்தாலோ, வாய் ரொம்பக் காய்ந்தாலோ, குழந்தை ஒரு மாதிரி பிதற்றினாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். யாழினிக்குக் கன்னம் கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான். ஆனால் கண்ணின் பாப்பா விரிந்து, வெயிலில் கண் கூசியது. இது இரண்டு வாரம் வரைகூட இருக்கும், படிப்பது எழுதுவது கஷ்டமாக இருக்கும். அதனால் பரீட்சை, ஆண்டு விழா என்று எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தொப்பி போதும், வெளியே போகலாம்.

மறுபடி போனபோது கணக்குத் தெரிந்தது. வலது கண்ணில் பிளஸ் 1, இடது கண்ணில் பிளஸ் 4.5. இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தெளிவாகப் பேசுகிறவர் பக்கம் நம் காது திரும்பிவிடுவதுபோல, மூளை வலது கண் அனுப்பும் படத்தை எடுத்துக்கொண்டு இடது கண்ணை விட்டுவிடுகிறது. பயன்படுத்தாத கண்ணுக்கும் மூளைக்கும் நடுவே பார்வை வளராமலே நின்றுபோகிறது. ஆம்பிளியோபியா என்றார்கள். ஏழெட்டு வயதுக்குள் பிடித்துவிட்டால் நன்றாகத் திரும்பும். அதற்குப் பின்னும் சில பிள்ளைகளுக்குப் பலன் உண்டு, ஆனால் குறைவு, மெதுவாக வரும். பெரியவர்கள் ஆன பிறகு கண்ணாடியாலோ ஆபரேஷனாலோ பவரைச் சரிசெய்தாலும், வளராமல் போன பார்வை வந்துவிடாது. நாலு வயது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “தினம் பக்கத்துல உட்கார்ந்துதானே சாப்பாடு ஊட்டறேன், எப்படித் தெரியாமப் போச்சு?” என்று டாக்டரிடமே கேட்டாள். “அம்மா, வெளியில பார்த்தா ரெண்டு கண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கு. எனக்கே மருந்து போட்டுத்தான் தெரிஞ்சுது. உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அவர். அந்தப் பதிலை அப்படியே இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இது போன்ற குறை தெரியவந்த வீடுகளில் தாய்மார்கள் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அதற்கு இடமே இல்லை.

அம்மாவுக்கு நாலு வயதுப் பெண்ணுக்குக் கண்ணாடி என்பது பெரிய அதிர்ச்சி. பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் கொடுத்துப் பார்ப்போம், ஆறு மாதம் பொறுப்போம் என்றார். நான் அவரையே அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் அவரிடம், “கீரை கொடுங்க பாட்டி, நல்லது. ஆனா கீரையால இந்தப் பவர் மாறாது” என்று நேரில் சொன்ன பிறகு அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் நாம் வாதாடுவதைவிட டாக்டரிடம் உட்காரவைப்பது நல்லது. கண்ணில் விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடுவது, மை தீட்டுவது எல்லாம் வேண்டாம் என்பதையும் அன்றே கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டோம்.

எங்கள் சொந்தத்திலேயே ஒரு பையனுக்குக் கண் உள்பக்கம் ஒதுங்கியிருந்தது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சொல்லியே பள்ளி முடிக்கும்வரை விட்டுவிட்டார்கள். பிறந்த முதல் மூன்று நாலு மாதங்களில் குழந்தையின் கண் அவ்வப்போது ஒதுங்குவது சகஜம். அதற்குப் பிறகும் ஒதுங்கினால் காட்டியே ஆக வேண்டும், ஒதுங்குகிற கண்ணிலும் இதே மாதிரி பார்வை நின்றுபோகும். இன்னொன்று, போட்டோவில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் நாள் கடத்தக் கூடாது. அது கண்ணுக்குள் வரும் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். குறைமாதத்தில், 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரைச் சோதனை பிறந்த 30 நாளுக்குள் நடக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதவில்லை என்றாலும் நீங்களே கேளுங்கள்.

கண்ணாடி வாங்கியதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கடை பெயர் வேண்டாம். பிரேம் நாங்களே பார்த்து எடுத்தோம், மூக்குத்தண்டில் சிலிக்கான் பட்டை, காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் கயிறு, உடையாத பாலிகார்பனேட் லென்ஸ். ஒரு கண்ணை நம்பி இருக்கும் குழந்தைக்குக் கீழே விழுந்தால் லென்ஸ் சிதறி நல்ல கண்ணில் அடிபடக் கூடாது என்பதால் இந்த லென்ஸ்தான் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கண்ணாடி தயாராகி வந்தது. கையில் வாங்கி, பில் தாளின் எழுத்துக்கு மேல் பிடித்துப் பார்த்தேன். பிளஸ் லென்ஸ் எழுத்தைப் பெரிதாகக் காட்டும், பவர் கூடக் கூட இன்னும் பெரிதாக. இடது பக்கம்தான் பெரிதாகக் காட்ட வேண்டும். வலது பக்கம் காட்டியது. நடுவில் தடித்த லென்ஸும் வலது பக்கமே இருந்தது. நாள் முழுக்க அளந்து பார்ப்பதே என் தொழில் என்பதால் கண்ணில் பட்டது. கடைக்காரர் முதலில் மறுத்தார், மெஷினில் வைத்துப் பார்த்ததும் மாற்றிப் போட்டதை ஒப்புக்கொண்டு அன்று மாலையே சரிசெய்து கொடுத்தார். நான் பார்க்காமல் போயிருந்தால் மெலிந்த கண் இன்னும் மெலிந்திருக்கும், நல்ல கண்ணும் மங்கியிருக்கும். குழந்தை கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி எறியும், நாம் பிடிவாதம் என்று நினைத்திருப்போம். புதுக் கண்ணாடி வாங்கினால் போட்டுவிடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், எழுதிக் கொடுத்த பவர் அந்தந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

முதலில் கண்ணாடி மட்டும்தான். காலையில் எழுந்ததும் போட வேண்டும், குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்றலாம். சில பிள்ளைகளுக்குக் கண்ணாடியாலேயே பாதிப் பார்வை ஏறிவிடுமாம், அதனால் மூன்று நாலு மாதம் கழித்துத்தான் அடுத்தது என்றார்கள். யாழினி அதைக் கழற்றுவாள் என்று பயந்தேன், ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். கண்ணாடி உறையை அவளே அலமாரியில் வைக்கும்படி ஒரு இடம் கொடுத்தோம். அடுத்த சோதனையில் இடது கண் 6/24. அதன் பிறகு ஒட்டு.

நன்றாகத் தெரியும் வலது கண்ணை மூடி, இடது கண்ணை வேலை செய்யவைப்பதுதான் ஒட்டு. முன்பெல்லாம் நாள் முழுக்க ஒட்டச் சொல்வார்களாம். நடுத்தரமான குறைக்கு இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஒரே பலனைத் தருவதாக 2003-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றுக்குப் பிறகு நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். எங்களுக்குத் தினம் இரண்டு மணி நேரம் என்று எழுதினார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் தினமும் மாலையில் வீடு முழுக்க அந்த இரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான் ஓடும். சிகிச்சை நடக்கும் இடம் ஆஸ்பத்திரி இல்லை, நம் வீட்டுக் கூடம். மருந்தோ மாத்திரையோ என்றால் விழுங்கவைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம், இதில் அது முடியாது.

முதல் சில நாள் அழுகைதான். அவள் அழுததில் நியாயம் இருந்தது, தெரிகிற கண்ணை மூடிவிட்டுத் தெரியாத கண்ணால் இரு என்கிறோம். ஒட்டை ஒட்டிய அடுத்த நிமிடம் அவள் கையில் வேலை இருக்க வேண்டும் என்று மனைவிதான் கண்டுபிடித்தாள். தையல் டப்பாவைக் கவிழ்த்து, பட்டன்களை நிறம் பிரிக்கச் சொன்னாள். முதலில் பெரிய கோட்டு பட்டன், அப்புறம் சட்டை பட்டன், கடைசியில் பாசிமணி கோர்ப்பது வரை வந்துவிட்டாள். (சின்னவன் வாயில் போடும் வயது என்பதால், அந்த நேரம் அவன் என் அம்மாவோடு மாடியில்.) அம்மா தன் பங்குக்குப் பல்லாங்குழியை இறக்கினார், புளியங்கொட்டை எண்ணிப் போடுவது இந்தக் கண்ணுக்கு அருமையான வேலை. ஸ்லேட்டில் புள்ளி வைத்துக் கோலம், அரிசியில் கல் பொறுக்குவது, அ, ஆ எழுதுவது, கனகாம்பரம் தொடுக்க எடுத்துக் கொடுப்பது எல்லாம் நடந்தது. கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலையாக இருக்கட்டும் என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார். போனைக் கொடுத்தால் சுலபமாகப் போயிருக்கும். நாங்கள் கொடுக்கவில்லை. பாட்டியும் பேத்தியும் பல்லாங்குழி ஆட ஆரம்பித்த பிறகு அவளும் கேட்கவில்லை.

பள்ளிவிட்டு வந்து பால் குடித்து முடித்தவுடன் ஒட்டு என்று நேரத்தை மாற்றாமல் வைத்தோம். ஒரே மூச்சில் முடியாத நாளில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கியிருந்தோம். கண்ணாடி மேல் மாட்டும் துணி ஒட்டு எங்களுக்குச் சரிப்படவில்லை, மூக்குப் பக்கச் சந்து வழியாக எட்டிப் பார்த்தாள். தோலில் ஒட்டுவதுதான் நல்லது, அதற்கு மேல் கண்ணாடி. பிய்க்கும்போது ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்சம் பொறுத்தால் வலிக்காது. தினம் ஒரே கோணத்தில் ஒட்டாமல் சற்றுச் சாய்த்துச் சாய்த்து ஒட்டினால் தோல் சிவக்காது. ஒட்டு இருக்கும்போது மாடிப்படி, சைக்கிள், தெரு எதுவும் வேண்டாம், தூரம் மட்டுப்படாது, விழுந்துவிடுவார்கள்.

அக்கம்பக்கத்துக் கேள்விகளையும் சமாளிக்க வேண்டும். எங்கள் தெருவில் தமிழ், கன்னடம், உருது எல்லாமே உண்டு, எல்லா மொழியிலும் கேட்டார்கள். “கண்ணுல அடியா?”, “ஏனாய்து (என்ன ஆச்சு) பாப்பாவுக்கு?” என்று. நாங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வதை நிறுத்தி, யாழினியே சொல்லும்படி ஒரு வாக்கியம் கற்றுக் கொடுத்தோம். “இந்தக் கண்ணுக்கு லீவு, அந்தக் கண்ணுக்கு வேலை.” சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விடுவாள், கேட்டவர்களும் பரிதாபப்படாமல் சிரித்துவிட்டுப் போவார்கள். குழந்தை முன்னால் ‘ஐயோ பாவம்’ என்ற சொல்லை யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஆசிரியையிடம் கண்ணாடியை ஏன் கழற்றக் கூடாது என்று விளக்கி ஒரு கடிதம் கொடுத்தோம். அவர் வகுப்பிலேயே கண்ணாடி போட்ட பிள்ளைகளை அழைத்து எல்லோருக்கும் காட்டிப் பேசினாராம், அதன் பிறகு கேலி இல்லை.

மாலை ஒட்டைத் தினசரிக் காலண்டர் தாளில் குறித்துவைத்தோம். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி, என்ன செய்தாள், அவ்வளவே. காய்ச்சல் வந்த நாள், ஊருக்குப் போன நாள், அவள் ஒரேயடியாக மறுத்த நாள் எல்லாம் ‘இல்லை’ என்றே எழுதினோம். கிழித்த தாள்களைக் கிளிப் போட்டு டாக்டரிடம் எடுத்துப்போவேன். ஒட்டியும் பார்வை ஏறவில்லையா, ஒட்டாததால் ஏறவில்லையா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். திட்டுவாரோ என்று பயந்து எல்லா நாளும் ஒட்டினோம் என்று சொன்னால், வேறு நோய் இருக்குமோ என்று தேவையில்லாத சோதனைக்குப் போக நேரும், அல்லது நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். எங்கள் டாக்டர் திட்டவில்லை, ‘இல்லை’ என்று இருந்த வாரத்தைப் பார்த்துவிட்டு நேரத்தை மாற்றிக் கொடுத்தார்.

குறித்த தேதியில் போவதும் முக்கியம். ஒட்டிய கண்ணும் பயன்படாமல் கிடப்பதால், கணக்கில்லாமல் ஒட்டிக்கொண்டே போனால் நல்ல கண்ணில் பார்வை குறையலாம். ஒவ்வொரு தடவையும் இரண்டு கண்ணின் அளவையும் தனித்தனியாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன். பழைய கண்ணாடி, பழைய சீட்டு, தண்ணீர், பிஸ்கட், பொம்மை ஒன்று பையில் தயாராக இருக்கும். பெங்களூரில் மின்டோ அரசு கண் மருத்துவமனை கே.ஆர். மார்க்கெட் பக்கம்தான், பச்சை வழி மெட்ரோவில் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். அரசு மருத்துவமனை எதுவானாலும் காலையில் சீக்கிரம் சீட்டு வாங்கிவிடுவது நல்லது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டையை மறக்க வேண்டாம், குழந்தைகளுக்கும் அது பொருந்தும். பீண்யாவில் வேலை செய்யும் பலர் பிடித்தம் மட்டும் பார்த்துவிட்டு அட்டையைப் பயன்படுத்துவதே இல்லை. பிள்ளைகள் அங்கன்வாடியிலோ அரசுப் பள்ளியிலோ இருந்தால், 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கேயே வந்து பார்க்கும். அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் பீரோவில் வைத்துவிடாமல் அந்த வாரமே போங்கள். தனியார் பள்ளிக்கு அந்தக் குழு வராது, நாம்தான் அழைத்துப்போக வேண்டும்.

பட்டனும் புளியங்கொட்டையுமாகப் போன மாதங்களில் இடது கண் 6/12-க்கு வந்தது, பிறகு 6/9. இப்போது யாழினி இரண்டு கண்ணாலும் சேர்ந்து பார்க்கிறாள், ஊசியில் நூல் கோர்த்துத் தன் அம்மாவிடம் கொடுக்கிறாள். ஒட்டை ஒரே நாளில் நிறுத்தவில்லை. நிறுத்திய முதல் வருடத்தில் சுமார் நாலில் ஒரு பிள்ளைக்கு மறுபடி குறையும் என்பதால் நேரத்தைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். கண்ணாடி தொடரும், பவரும் அப்படியே இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிடலாமா என்று உறவினர்கள் கேட்கும்போது, ஏறியிருப்பது பார்வை, பவர் போகவில்லை என்று சொல்லிப் புரியவைக்கிறோம்.

அக்காவுக்கு இருப்பதால் தம்பிக்கும் இருக்க வாய்ப்பு அதிகம் என்று அவனையும் பார்த்துவிட்டார்கள், அதே மருந்து போட்டு. இப்போதைக்குக் குறை எதுவும் இல்லை, மூன்று வயது முடிந்ததும் படச் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதியை அவனுடைய தாயி கார்டின் பின்பக்கம் மனைவி எழுதி வைத்திருக்கிறாள். யாழினியின் அடுத்த சோதனை தசரா விடுமுறையில் வருகிறது. அந்த வாரம் எனக்கு முதல் ஷிப்ட். மாற்றித் தரச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.